பழைய கன்ட்ரி இசை சேர்க்கத் தொடங்குகிறீர்களா? எந்த மறுவெளியீட்டை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஹேங்க் வில்லியம்ஸ் ஸ்டூடியோவில் பாடிய காலம் முழுதாக ஆறு ஆண்டுகூட இல்லை. முதல் பதிவு 1946 டிசம்பரில், கடைசிப் பதிவு 1952 செப்டம்பரில். 1953 ஜனவரி 1 அன்று, 29 வயதில் இறந்துபோனார். இன்று அவர் பெயரைத் தேடிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான ஆல்பங்கள் வந்து நிற்கின்றன. எல்லாவற்றின் அட்டையிலும் அதே தொப்பி, அதே சிரிப்பு, ஏறக்குறைய அதே இருபது பாட்டு. ஒன்று இருநூறு ரூபாய், இன்னொன்று பத்தாயிரம். புதிதாக வருபவர் திணறுவது இங்கேதான்.

இந்தக் கட்டுரை 1940களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் தொடக்கம் வரையிலான அமெரிக்கக் கன்ட்ரி இசையைப் பற்றியது. அந்தக் காலத்து அசல் இசைத்தட்டுகளைத் தேடுவது வேறு பொழுதுபோக்கு. அதற்கு வேறு ஊசி, வேறு பணம், வேறு பொறுமை வேண்டும். நாம் பேசுவது மறுவெளியீடுகளைப் பற்றி. இந்த இசைக்கு அதுதான் பொருத்தமும்கூட. கொலம்பியா 1948இலும் ஆர்சிஏ விக்டர் 1949இலும் எல்பி (பக்கத்துக்குப் பல பாட்டு கொண்ட பெரிய தட்டு), 45 (சின்னத் தட்டு) ஆகிய வடிவங்களைக் கொண்டுவந்த பிறகும், கன்ட்ரி பாட்டுகள் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று சின்னத் தட்டுகளாகவே விற்றன. ஜூக்பாக்ஸில் போடவும் வானொலியில் ஒலிக்கவும் அது போதும். ஆக, 1951ஆம் ஆண்டுப் பாடகர் ஒருவரின் ‘அசல் ஆல்பம்’ என்று தேடினால் பல சமயம் அப்படி ஒன்று இருக்கவே இருக்காது. சிதறிக் கிடக்கும் சின்னத் தட்டுகளை யாரோ ஒருவர் வரிசைப்படுத்தித் தந்தால்தான் நமக்கு முழு உருவம் கிடைக்கும். அந்த ‘யாரோ ஒருவர்’ எவ்வளவு பொறுப்பாக வேலை செய்தார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் சேகரிப்பவரின் முதல் திறமை.

முதலில் காது பழகட்டும்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் இணையத்தில் இலவசமாகக் கேளுங்கள். பாடகர் வாரியாகக் கேட்பதைவிட ஆண்டு வாரியாகக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. 1950, 1953, 1956, 1960 என்று நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அந்தந்த ஆண்டின் பெரிய பாட்டுகளைக் கேட்டால் இசை எப்படி நகர்ந்தது என்பது தானாகவே புரியும்.

1950இல் ஹேங்க் ஸ்னோவின் ரயில் பாட்டு ஒன்று 21 வாரம் முதலிடத்தில் நின்றது. 1951இல் டெக்ஸாஸ்காரர் லெஃப்டி ஃப்ரிஸெல், வார்த்தைகளை இழுத்து வளைத்துப் பாடும் பாணியால் ஒரே நேரத்தில் நான்கு பாட்டுகளை முதல் பத்தில் வைத்திருந்தார். 1952இல் கிட்டி வெல்ஸ், பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பெண் பாடகி ஆனார். வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் பெடல் ஸ்டீல் கிட்டார் (கம்பிகளின் சுரத்தைக் காலால் மிதித்து மாற்றும், படுக்கவைத்து வாசிக்கும் கிட்டார்) வாசித்தார். 1954இல் அது ஓடிய ஓட்டத்தில் கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில்லின் ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லோரும் தங்கள் கருவிக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள். 1956இல் ரே பிரைஸ் ஷஃபிள் என்ற துள்ளி நடக்கும் தாளத்தைப் பிடித்தார், அதில் பாடிய பாட்டு 20 வாரம் முதலிடம். அப்புறம் 1957, 58 வாக்கில் பிடிலும் ஸ்டீலும் பின்வாங்கி, பின்னணியில் கோரஸும் மென்மையான பியானோவும் வருகின்றன.

இதில் உங்கள் மனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அழுகையும் மதுக்கடையுமாக இருக்கும் 1952ஆ, வழவழப்பான 1960ஆ? பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

நம் பக்கத்து வாசகர்கள் பலருக்குக் காது ஏற்கெனவே ஒரு இடத்தில் பழகியிருக்கும்: ஜிம் ரீவ்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் அவருக்கு இருந்த ரசிகர் கூட்டம் ஊரறிந்தது. டிசம்பர் வந்தால் அவர் குரல் கேட்காத ஆங்கிலோ இந்திய வீடு, கிறிஸ்தவ வீடு குறைவு. அவரிடமிருந்தே தொடங்குவதிலும் தவறில்லை. ஆனால் சேகரிப்பில் மிகவும் குழப்பமான பாடகர்களில் அவரும் ஒருவர். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பின்னட்டையைப் படிக்கப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நீங்கள் வாங்குவது பாடகரையும் இல்லை, பாட்டையும் இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கம்பெனிக்காக நடந்த ஒரு பதிவை வாங்குகிறீர்கள்.

ஜானி கேஷின் ‘ஐ வாக் த லைன்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். மெம்ஃபிஸில் சன் ரெக்கார்ட்ஸுக்காக அவர் பாடியது 1956இல். பிறகு கொலம்பியாவுக்குப் போய், 1964இல் அதையே மீண்டும் பாடினார். 1969இல் சான் க்வென்டின் சிறையில் மேடையில் பாடியது தனி. 1988இல் மெர்க்குரி வெளியிட்ட ஆல்பத்துக்காகத் தன் பழைய வெற்றிப் பாட்டுகளை மறுபடியும் பாடியபோது இதுவும் இருந்தது. நான்கிலும் பாடியவர் அவர்தான், அட்டையில் பெயரும் அதேதான். ஆனால் 1956ஆம் ஆண்டுப் பதிவில் டிரம்ஸே கிடையாது. கிட்டார் கம்பிகளுக்கு நடுவில் காகிதத்தைச் செருகி, அந்தச் சரசரப்பைத் தாளமாக ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பாட்டின் உயிரே அந்தச் சரசரப்பு. 1988இல் பாடியதை வாங்கிவிட்டு ‘எல்லோரும் ஏன் இதை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?’ என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தவறு இல்லை.

இப்படி மறுபடி பாடுவது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகும் பாடகருக்குத் தன் பழைய பதிவுகள் மேல் உரிமை இல்லை. புதுக் கம்பெனிக்கு அந்தப் பாட்டுகள் வேண்டும். சரி, மறுபடி பாடிவிடு. கம்பெனி மாறாமலும் செய்தார்கள்: எர்னஸ்ட் டப் 1959இல் தான் ஏற்கெனவே பாடிவந்த டெக்கா கம்பெனிக்கே தன் பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடி இரட்டை எல்பியாக வெளியிட்டார். 1970, 80களில் மலிவு விலைத் தொகுப்புகளுக்காக வயதான குரலில் பாடியவை இன்னும் ஏராளம். பின்னட்டையில் மிகப் பொடி எழுத்தில் ‘அசல் கலைஞரால் புதிதாகப் பதிவு செய்யப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் உண்டு. முதலாவது, பதிவான தேதியும் முதலில் வெளியிட்ட கம்பெனியும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத தொகுப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். அடுத்து, பாட்டின் நீளம். 1950களின் சின்னத் தட்டுப் பாட்டு பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டே கால் நிமிடம் என்பது சாதாரணம். நாலு நிமிடம் ஓடினால் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஸ்டீரியோ. 1952ஆம் ஆண்டுப் பாட்டு இடது காதில் கிட்டார், வலது காதில் பியானோ என்று சுத்தமாகப் பிரிந்து கேட்டால் அது 1952ஆம் ஆண்டுப் பதிவாக இருக்க முடியாது. நாஷ்வில்லில் உண்மையான ஸ்டீரியோ 1950களின் கடைசியில்தான் வழக்கத்துக்கு வந்தது.

போலி ஸ்டீரியோ என்று ஒன்றும் உண்டு. 1960களில் ஸ்டீரியோ மோகம் வந்தபோது, கம்பெனிகள் பழைய மோனோ பதிவுகளைச் செயற்கையாகப் பிரித்தன. அடித்தொனியை ஒரு பக்கம், மேல்தொனியை இன்னொரு பக்கம், போதாததற்குக் கொஞ்சம் எதிரொலி. கேப்பிட்டல் இதற்கு ‘டியோஃபோனிக்’ என்று ஒரு கம்பீரமான பெயர் வைத்தது. கேட்டால் பாடகர் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பாடுவது போலிருக்கும். அந்த மாஸ்டரிலிருந்து (நகல்கள் எடுக்கப் பயன்படும் மூலப் பதிவு) எடுத்த மறுவெளியீடுகள் இன்றும் சுற்றுகின்றன. ‘மோனோ’ என்று தைரியமாக அச்சிட்டிருக்கும் தொகுப்பைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். இந்தக் காலத்து இசைக்கு அது நல்ல அறிகுறி.

இறந்தவர்கள் புதிதாகப் பாடுவது

ஜிம் ரீவ்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில்லுக்கு அருகே அவர் ஓட்டிய சிறு விமானம் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகும் அவருடைய ‘புதிய’ பாட்டுகள் 1980கள் வரை வந்துகொண்டே இருந்தன. வெளிவராத பதிவுகள், கிட்டாரோடு ஒத்திகையாகப் பாடி வைத்தவை எல்லாவற்றுக்கும் மேல் புதிய வாத்தியங்களைச் சேர்த்து வெளியிட்டார்கள். 1981இல் அவரும் பேட்ஸி கிளைனும் சேர்ந்து பாடிய டூயட் வந்தது. பேட்ஸி கிளைன் 1963 மார்ச்சிலேயே விமான விபத்தில் இறந்தவர். இருவரும் தனித்தனியாகப் பாடி வைத்திருந்ததை ஸ்டூடியோவில் ஒட்டினார்கள்.

ஹேங்க் வில்லியம்ஸுக்கும் இதே கதி. எம்ஜிஎம் கம்பெனி அவருடைய பதிவுகள் மேல் வயலின் கூட்டத்தை ஏற்றியது. சிறு பிள்ளையாக இருந்த மகன் வளர்ந்ததும் அவரையும் சேர்த்து ‘டூயட்’ செய்தது. இவற்றை முழுக்க ஒதுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஜிம் ரீவ்ஸின் அந்த ஒட்டுப்போட்ட பாட்டுகளோடு வளர்ந்தவர்களுக்கு அவைதான் அசல். ஆனால் எது எது என்று தெரிந்து வாங்க வேண்டும். ஒட்டு நீக்கிய, அவர் பாடிய நிலையிலேயே கேட்கக் கிடைக்கும் ஜிம் ரீவ்ஸ் வேறு ஆள். முக்கியமாக 1953 முதல் 1955 வரை அபாட் கம்பெனிக்குப் பாடிய துள்ளல் பாட்டுகளைக் கேட்டால், வெல்வெட் குரல் என்று நாம் பழகியவர் இவர்தானா என்று சந்தேகம் வரும்.

யார் சொத்து யாரிடம் இருக்கிறது

ஒரு பாட்டு எந்தத் தொகுப்பில் வரும், எதில் வராது என்பது ரசனை சார்ந்தது என்று நினைப்போம். பெரும்பாலும் அது உரிமை சார்ந்தது. அன்றைய டெக்கா, எம்ஜிஎம், மெர்க்குரி, கேப்பிட்டல் ஆகியவற்றின் பதிவுகள் பல கைகள் மாறி இன்று யுனிவர்சலிடம் இருக்கின்றன. கொலம்பியாவும் ஆர்சிஏ விக்டரும் சோனியிடம். சின்சினாட்டியின் கிங், டெக்ஸாஸில் தொடங்கிய ஸ்டார்டே இரண்டும் கஸ்டோவிடம் போய்ச் சேர்ந்தன. சன் ரெக்கார்ட்ஸை 2021இல் பிரைமரி வேவ் வாங்கியது. இந்த வரைபடம் மனதில் இருந்தால், பல கம்பெனிகளுக்குப் பாடிய ஜார்ஜ் ஜோன்ஸின் ‘முழுமையான தொகுப்பு’ என்று போட்டிருக்கும் பெட்டியில் பாதி ஏன் இல்லை என்பது விளங்கும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் காப்புரிமைக் காலம் 50 ஆண்டாக இருந்தது. அதை 70ஆக நீட்டும் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே காலாவதியானவை திரும்பப் பூட்டப்படவில்லை. விளைவு, 1962 முடிய வெளிவந்த பதிவுகள் அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடக்கூடியவை. அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர்: 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 1947 முதல் 1956 வரை வெளிவந்தவற்றுக்கு 110 ஆண்டு பாதுகாப்பு, அதற்குப் பின் 1972 பிப்ரவரி வரை வந்தவற்றுக்கு 2067 வரை. மலிவுப் பெட்டிகள் ஏன் இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகின்றன என்பதற்கும், தொகுப்புகள் ஏன் 1962இல் சட்டென்று நின்றுவிடுகின்றன என்பதற்கும் பதில் இதுதான். பாடகர் அந்த ஆண்டு ஓய்வு பெற்றுவிடவில்லை.

பேட்ஸி கிளைன் இதற்கு நல்ல உதாரணம். 1954 முதல் 1960 வரை அவர் ஃபோர் ஸ்டார் என்ற கம்பெனியின் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தார். அந்தக் கம்பெனி தன்னிடம் உரிமை உள்ள பாட்டுகளையே பாடச் சொன்னது, அவற்றில் பல சுமார் ரகம். 1960 இறுதியில் நேரடியாக டெக்காவுக்கு வந்து, ஓவன் பிராட்லியின் தயாரிப்பில் பாடியவைதான் உலகம் அறிந்த பேட்ஸி கிளைன். ஃபோர் ஸ்டார் பதிவுகளோ ஆளாளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, எண்ணற்ற மலிவுத் தொகுப்புகளாக வந்தன. பழைய மலிவு சிடி ஒன்றில் பேட்ஸி கிளைன் பெயர் இருக்கும், நீங்கள் தேடும் பாட்டுகளில் பெரும்பாலானவை இருக்காது. பதிவுத் தேதியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அவருக்கு முழுமையாக ஒன்று வேண்டுமென்றால், 1991இல் வந்த நான்கு சிடி, 104 பாட்டுத் தொகுப்பு பழைய பொருள் சந்தையில் இன்றும் கிடைக்கிறது.

எந்த வெளியீட்டாளரை நம்பலாம்

இந்தத் துறையில் முதல் பெயர் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி ரெக்கார்ட்ஸ். பிரெமன் நகருக்கு வடக்கே கிராமப்புறத்தில், 1975இல் ரிச்சர்ட் வைஸ் தொடங்கியது. அமெரிக்கக் கம்பெனிகளே மறந்துபோன பதிவுகளை உரிமை பெற்று, மாஸ்டர்களைத் தேடி எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, எல்பி அளவுக்குப் பெரிய பெட்டியில், கெட்டி அட்டைப் புத்தகத்தோடு தருவார்கள். லூவின் பிரதர்ஸுக்கு எட்டு சிடி. ஜிம் ரீவ்ஸுக்குப் பதினாறு. லெஃப்டி ஃப்ரிஸெலுக்கு 1992இல் பன்னிரண்டு, போதாது என்று 2018இல் இருபது. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தத் தேதி, எந்த ஸ்டூடியோ, யார் ஸ்டீல் வாசித்தது, கம்பெனி அந்தப் பதிவுக்கு இட்ட மாட்ரிக்ஸ் எண் என்ன என்ற பட்டியல் கடைசியில் இருக்கும். பெரிய பெட்டி ஒன்றின் விலை நூறு யூரோவை எளிதாகத் தாண்டும்.

அதனால்தான் புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முதல் கொள்முதலே பெரிய பெட்டியாக இருக்க வேண்டாம். முழுமை என்றால் எல்லாமும்தான். சலிப்பூட்டும் பாட்டுகள், ஒரே பாட்டின் மூன்று முயற்சிகள், பாதியில் நின்றுபோனவை எல்லாம் வரும். பாடகர் மேல் காதல் முற்றிய பிறகு அது விருந்து, அதற்கு முன் தண்டனை. அதே கம்பெனி 1945இல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு சிடி என்று ‘டிம் லைட்ஸ், திக் ஸ்மோக்’ என்ற வரிசையை வெளியிட்டிருக்கிறது. அந்தந்த ஆண்டின் முக்கியப் பாட்டுகள், கனமான கையேடு. மேலே சொன்ன ஆண்டு வாரிப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பிடித்த இரண்டு ஆண்டுகளை மட்டும் வாங்கிப் பாருங்கள்.

இங்கிலாந்தின் ப்ராப்பர், ஜேஎஸ்பி, ஜாஸ்மின் போன்றவை காப்புரிமை முடிந்த பதிவுகளை மலிவாகத் தருபவை. நாலு சிடி பெட்டி ஒன்று, ஜெர்மன் பெட்டியின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். அவர்களிடம் மாஸ்டர் டேப் இருக்காது. பழைய தட்டிலிருந்தோ வேறு யாரோ வெளியிட்ட சிடியிலிருந்தோ எடுத்திருப்பார்கள். தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆனாலும் தேதியும் வாசித்தவர் பெயரும் ஒழுங்காகக் கொடுத்திருக்கும் மலிவுப் பெட்டி, விவரமே இல்லாத பெரிய கம்பெனியின் ‘தலைசிறந்த 20’ வகைத் தொகுப்பைவிட மேல். இதே மலிவு ரகத்தில் பெயர் தெரியாத வெளியீட்டாளர்கள், எட்டு எல்பியை நாலு சிடியில் அடக்கி விற்பவர்கள், ஏராளம். இரைச்சலை நீக்குகிறேன் என்று பாட்டையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள்.

பெரிய கம்பெனிகளின் சொந்த வெளியீடுகளில், 1990களில் வந்தவற்றைத் தேடுங்கள். அப்போது சிடி நன்றாக விற்றது, பழைய மாஸ்டர்களை எடுத்துப் பொறுப்பாக வேலை செய்ய ஆட்களும் இருந்தார்கள். மெர்க்குரி 1998இல் வெளியிட்ட ஹேங்க் வில்லியம்ஸின் பத்து சிடி பெட்டி அந்தக் காலத்தின் உச்சம். புதிய ரீமாஸ்டர் என்றாலே பழையதைவிட மேல் என்று எண்ணிவிடாதீர்கள். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்தது. அதில் எத்தனை மாஸ்டர் டேப் அழிந்தன என்பதில் 2019இல் நியூயார்க் டைம்ஸ் மேகசின் எழுதியதற்கும் கம்பெனி சொல்வதற்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. எப்படியானாலும், தீக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு நல்ல டிஜிட்டல் நகலை அலட்சியமாக விற்றுவிட வேண்டாம்.

கலிபோர்னியாப் பக்கத்து இசைக்கு அர்ஹூலி என்ற சின்ன கம்பெனியை மறக்கக் கூடாது. மேடக்ஸ் பிரதர்ஸ் அண்ட் ரோஸ், பொருளாதார மந்தத்தின்போது அலபாமாவிலிருந்து கலிபோர்னியா போய்ப் பண்ணைகளில் பழம் பறித்த குடும்பம். ஃபோர் ஸ்டாருக்கு அவர்கள் பாடிய ஆட்டம்பாட்டமான பதிவுகள் அர்ஹூலியில் கிடைக்கும். 2016 முதல் அர்ஹூலி, ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் கையில் இருப்பதால் டிஜிட்டலாகவும் சுலபமாக வாங்கலாம்.

காதால் சோதிப்பது

கையேடு எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். ஹெட்ஃபோனில் கேளுங்கள். மோனோ பதிவு என்றால் குரல் நடு நெற்றியில் நிற்க வேண்டும், இடமும் வலமும் அலையக் கூடாது. ஸ்டீல் கிட்டாரின் மேல்தொனியைக் கவனியுங்கள். அது கூர்மையாக, கொஞ்சம் ஈரத்தோடு வந்தால் நல்ல நகல். போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்தால், இரைச்சலை நீக்கியவர் அளவு மீறிவிட்டார். பாட்டு முடியும்போது கடைசிச் சுரம் தேய்ந்து மறைவதைக் கேட்பது இன்னொரு நல்ல சோதனை. நீர்க்குமிழி உடைவது போன்ற சலசலப்பு கேட்டால் அதுவும் மென்பொருளின் கைவரிசைதான்.

கொஞ்சம் இரைச்சலோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். நாஷ்வில்லில் 1950 வாக்கில் டேப் பரவும் வரை, பதிவு நேரடியாக அரக்குப் பூசிய தட்டில்தான் வெட்டப்பட்டது. டேப் வந்த பிறகும் கருவிகளைப் பராமரிப்பது ஆபத்தான வேலை. லெஃப்டி ஃப்ரிஸெலின் புகழ்பெற்ற பதிவுகளைச் செய்த டல்லாஸ் ஸ்டூடியோக்காரர் ஜிம் பெக், டேப் கருவியைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய கார்பன் டெட்ராகுளோரைடு ஆவியைச் சுவாசித்தே 1956இல் இறந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் நாஷ்வில்லுக்கு டல்லாஸ் போட்டியாகியிருக்கும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வினைல் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 180 கிராம் எடை என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். எடை, ஒலியின் தரத்துக்குச் சான்று இல்லை. காப்புரிமை முடிந்த பாட்டுகளோடு ஐரோப்பாவிலிருந்து வரும் புது எல்பிகளில் பல, சிடிக்காகச் செய்த டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியவை. எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டினார் என்று எழுதியிருந்தால் வாங்குங்கள். எழுதவில்லை என்றால் அதே காசுக்கு மூன்று சிடி வாங்கலாம்.

வானொலிப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள்

சின்னத் தட்டுகளைத் தாண்டி இன்னொரு பொக்கிஷம் உண்டு: வானொலிக்காக 16 அங்குலத் தட்டுகளில் பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சிகள். ஹேங்க் வில்லியம்ஸ் 1951இல் மதர்ஸ் பெஸ்ட் என்ற மாவு கம்பெனிக்காக நாஷ்வில் டபிள்யூஎஸ்எம் நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்தினார். ஊரில் இல்லாத நாட்களுக்காக முன்கூட்டியே பதிவு செய்து வைத்த தட்டுகள், பிற்பாடு நிலையம் குப்பையில் போட்டவற்றிலிருந்து மீட்கப்பட்டன. நீண்ட வழக்குக்குப் பிறகு 2008இல்தான் அவை முறையாக வெளிவரத் தொடங்கின. 1950இல் ஒரு நாற்றுப்பண்ணையின் விளம்பரத்துக்காக அவர் செய்த நிகழ்ச்சிகளை ஆம்னிவோர் 2014இல் வெளியிட்டது, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. இவற்றில் அவர் பேசுகிறார், சிரிக்கிறார், ஸ்டூடியோவில் ஒருபோதும் பதிவு செய்யாத பழைய பக்திப் பாட்டுகளைப் பாடுகிறார். பாப் வில்ஸும் குழுவும் 1946, 47இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பதிவு செய்த டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ் இன்னொரு சுரங்கம். மூன்று நிமிடக் கட்டாயம் இல்லாததால் வாத்தியக்காரர்கள் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறார்கள். அவருடைய சின்னத் தட்டுகளைவிட நான் அதிகம் கேட்பது இதைத்தான்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

பெரிய பெட்டிகள் ஒரு முறை அச்சிட்டுத் தீர்ந்தால் பல ஆண்டு திரும்ப வராது. பழையதாக வாங்கும்போது டிஸ்காக்ஸ் போன்ற தளத்தில் எந்தப் பதிப்பு என்பதைப் பட்டியல் எண்ணோடு ஒப்பிடுங்கள். புத்தகம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பேர் ஃபேமிலி பெட்டியில் புத்தகம் இல்லை என்றால் பாதி விலைகூடக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று கிலோ பெட்டிக்குத் தபால் செலவே ஒரு சிடி விலையைத் தாண்டும்.

வந்ததும் செய்ய வேண்டியது இரண்டு. 1980, 90களின் சில தடித்த சிடி பெட்டிகளுக்குள் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். ஆண்டுகள் போனால் அது மக்கித் தட்டில் ஒட்டி அரித்துவிடும், முதல் நாளே எடுத்து எறியுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கையேடுகளைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். வழவழப்புத் தாள் ஈரப்பதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மூடிய அலமாரியில் வையுங்கள்.

அப்புறம் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். இழப்பில்லாத ஃபிளாக் வடிவம், பிழை சரிபார்க்கும் மென்பொருள். தானாக நிரம்பும் விவரங்களை அப்படியே விடாதீர்கள். ஆண்டு என்ற இடத்தில் 2009 என்று மறுவெளியீட்டின் ஆண்டு வந்து உட்காரும். அதை அழித்துவிட்டு, பதிவான ஆண்டைப் போடுங்கள். குறிப்புப் பகுதியில் பதிவுத் தேதி, முதல் கம்பெனி, மாட்ரிக்ஸ் எண் மூன்றையும் சேருங்கள். மாட்ரிக்ஸ் எண் என்பது பதிவான ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பெனி கொடுத்த அடையாள எண். பெட்டியில் இல்லை என்றால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க ஒலிப்பதிவுப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம்.

இந்த வேலை சேகரிப்பு வளர்ந்த பிறகுதான் பலன் தரும். மூன்று வெவ்வேறு தொகுப்புகளில் ஒரே பாட்டு வந்து நிற்கும்போது, எண்ணும் தேதியும் ஒன்றாக இருந்தால் மூன்றும் ஒரே பதிவு. நன்றாக ஒலிப்பதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம். எண் ஒன்றே, ஆனால் டேக் (ஒரே பாட்டைப் பதிவு செய்த தனித்தனி முயற்சி) வேறு என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தேதியே வேறு என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு தனிப் பாட்டுகள், விற்பதற்கு முன் இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள்.